மஞ்சள் உரசிய கல்

எங்கள் ஊர் வீட்டுக் கிணற்றடியில், துவைகல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய கல் கிடந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நடுவில் தேய்ந்து குழிவிழுந்து, கழுவினாலும் போகாத மஞ்சள் கறையோடு இருக்கும். வீட்டுப் பெண்கள் குளிக்கும்போது குண்டு மஞ்சளைத் தண்ணீர் தொட்டு உரசும் கல் அது. அப்பத்தா, அத்தைமார்கள், பிறகு அம்மா என எத்தனையோ முகங்களுக்கு அந்தக் குழியிலிருந்துதான் மஞ்சள் போயிற்று.

தாத்தா இறந்த பிறகு அப்பத்தா அந்தக் கல்லைத் தொடவே இல்லை. ஆனால் நடவு நாட்களில், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், மருதாணி இலையும் மஞ்சளும் சேர்த்து அம்மியில் அரைத்துக் கால்விரல் இடுக்குகளில் அப்பிக்கொள்ளும். நாள் முழுக்கச் சேற்றில் நின்ற காலுக்கு, சேற்றுப்புண்ணுக்கு, அதுதான் மருந்து. சிறுமியாக இருந்த எனக்கு அது புரியவில்லை. காலுக்குப் பூசலாம், முகத்துக்குப் பூசக்கூடாது. இரண்டும் ஒரே மஞ்சள்தான், ஒரே உடம்புதான். "அது மருந்து, இது மங்கலம்" என்றாள் அத்தை. அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எளிய, செலவில்லாத சருமப் பராமரிப்பு என்று பெண்கள் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாக ஒரே பட்டியலைத் தருகின்றன. மஞ்சள், பயத்தம்மாவு, நல்லெண்ணெய், தயிர், வெந்நீர். அடுக்களையிலேயே எல்லாம் இருக்கிறது என்பார்கள். பட்டியலில் பிழை இல்லை, இவை மலிவானவைதான். ஆனால் இவை யாருக்குக் கிடைத்தன, யார் அரைத்தார்கள், யார் கண்ணுக்காகப் பூசப்பட்டன என்ற கேள்விகளை அந்தப் பக்கங்கள் கேட்பதில்லை.

சொற்களிலிருந்து தொடங்கலாம். சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனி நிறத்தைச் சொல்லப் பயன்பட்ட ஒரு சொல் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகள் விளக்கும். அது குறை சொல்லும் சொல் அல்ல, அழகைச் சொல்லும் சொல். பிரிவுத் துயரில் அந்த நிறம் அழிந்து வெளிறிப்போவதைப் பசலை என்றார்கள். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் தன் மாமை அழகைப் பசலை தின்பதாகப் புலம்புகிறார். திருக்குறளில் பசலைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதாவது அந்தக் கவிதை உலகில் வெளிறுவது நோய், தளிரின் நிறம் நலம். இன்று அதே 'மா' மாநிறம் என்ற சொல்லில் மிஞ்சியிருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களிடம், "மாநிறம்தான், ஆனா களையா இருப்பா" என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் அதைச் சொல்கிறோம். அழகின் பெயர் சமாதானத்தின் பெயராக மாறிவிட்டது.

அதற்காகப் பழைய காலத்தைப் பொற்காலமாக்கவும் முடியாது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி குளிக்கிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறிய நீர் அது. இவை என்னென்ன என்று அடியார்க்குநல்லார் உரையில் பட்டியலே உண்டு. தமிழின் மிக விரிவான குளியல் குறிப்புகளில் ஒன்று. ஆனால் அந்தக் குளியலுக்கு இளங்கோ சொல்லும் காரணம், ஊடலோடு இருந்த கோவலன் மகிழவேண்டும் என்பது. நாற்பத்தேழு பொருள்களைத் தேடியவர், இடித்தவர், ஊறவைத்தவர், தண்ணீர் சுமந்தவர் யாரும் அந்தக் காட்சியில் பெயரோடு இல்லை. வகுப்பில் இந்தக் காதையை நடத்தும்போதெல்லாம், 'இந்த நீரை யார் கொண்டுவந்திருப்பார்கள்?' என்று கேட்பேன். அரங்கேற்றம், அணிகலன் என்று மணிக்கணக்காகப் பேசும் வகுப்பு அந்தக் கேள்விக்கு அமைதியாகிவிடும்.

தண்ணீர் சின்ன விஷயம் இல்லை. சாதி இந்துக்களின் குளத்தில் தலித்துகள் நீர் எடுக்க முடியாத நாடு இது. மகாராஷ்டிரத்தின் மகாடு ஊரில், பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்கும் உரிமைக்காக 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களைத் திரட்டிப் போகவேண்டியிருந்தது. 'தினம் இருமுறை முகம் கழுவுங்கள்' என்ற எளிய அறிவுரைக்குப் பின்னால், முகம் கழுவ நீர் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று இரண்டு வரலாறு இருக்கிறது. குடத்தைச் சுமந்தது இரண்டிலும் பெரும்பாலும் பெண்தான்.

இனி மஞ்சளுக்கு வருவோம். ஒரு பெண்ணின் வாழ்க்கையை மஞ்சளை வைத்தே எழுதிவிடலாம். பூப்படைந்ததும் மஞ்சள் நீராட்டு. அவளுடைய உடலில் நிகழ்ந்த தனிப்பட்ட மாற்றம் மஞ்சள் நீராக ஊருக்கு அறிவிக்கப்படுகிறது. திருமணத்தில் நலங்கு, கழுத்தில் மஞ்சள் கயிறு. அன்றாடம் மஞ்சள் பூசிக் குளிப்பது கணவன் உயிரோடு இருப்பதற்கான அத்தாட்சி. செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல், அன்று கூடுதல் மஞ்சள். கணவன் இறந்ததும் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும். பல சாதிகளில் அந்தப் பெண்ணுக்குக் கடைசியாக ஒருமுறை மஞ்சள் பூசி, பூ வைத்து, பிறகு எல்லாவற்றையும் அகற்றுவார்கள். தோலைக் காக்கும் ஒரு வேர்க்கிழங்கு பெண்ணின் தோலில் எழுதப்பட்ட திருமணப் பதிவேடாகிவிட்டது.

உயர்த்தப்பட்ட சாதிகளில் இதன் கொடுமை இன்னும் அதிகம். தலை மழித்தல், ஒருவேளை உணவு, வெள்ளை அல்லது காவிப் புடவை. 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்த பிறகும், தன்னை அழகாக வைத்துக்கொள்ளும் விதவை சந்தேகத்துக்குரியவளாகவே இருந்தாள். 1886-இல் பிறந்து, சிறு வயதிலேயே விதவையான ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1911-இல் பட்டதாரியானார். சகோதரி சுப்புலட்சுமி என்று நாம் அறியும் அவர், இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் சென்னை மெரினாவின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவைகள் தங்கிப் படிக்க இடம் உண்டாக்கினார். அந்தப் பெண்களுக்குக் கல்வி கிடைத்தது என்று நாம் எழுதுகிறோம். உண்ணவும் குளிக்கவும் தலைவாரவும் ஓர் இடம் கிடைத்ததும் அதே அளவுக்குப் பெரிய செய்தி. தன் உடம்பைப் பேண ஒருத்திக்கு உரிமை உண்டு என்பதும் சீர்திருத்தத்தின் ஒரு பகுதிதான்.

மஞ்சள் யாருக்கு என்று சடங்கு தீர்மானித்துக்கொண்டிருந்தபோது, கடல்வழியே வேறொன்று வந்து சேர்ந்தது. 1888-இல் சன்லைட் சோப்புக் கட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் இறங்கின. உவர்மண்ணும் சீயக்காயும் பயத்தம்மாவும் இருந்த இடத்துக்குச் சவுக்காரம் வந்தது. பியர்ஸ் போன்ற சோப்புகளின் ஏகாதிபத்தியக் கால விளம்பரங்கள், கறுப்பு அழுக்கு, வெள்ளை தூய்மை என்ற சமன்பாட்டை வெட்கமில்லாமல் அச்சடித்தன. எதிர்வினையாகச் சுதேசிச் சோப்பும் வந்தது. மைசூர் அரசு 1916-இல் சந்தன சோப்புத் தொழிற்சாலையைத் தொடங்கியது. எசமானர் மாறினாலும் சமன்பாடு மாறவில்லை. 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தபோது, பெண் பார்க்கும் கூடத்தில் ஏற்கெனவே இருந்த சாதி, வரதட்சணைக் கணக்குகளுக்கு அது ஒரு குழாயைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. சிறு பாக்கெட்டில் பொருளை அடைத்து ஏழைகளுக்கும் எட்டும் விலையில் விற்கும் வழியைத் திறந்தவர்களில் ஒருவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அந்தப் பாக்கெட்டில் ஷாம்பு வந்தபோது கூலிவேலைக்குப் போகும் பெண்ணின் தலைமுடிக்கும் நுரை கிடைத்தது. அது நல்லதே. அதே பாக்கெட்டில் பிறகு வெளுப்புக் களிம்பும் வந்தது. வெயிலில் கருத்த கூலிக்காரப் பெண்ணிடம், 'நீ உழைத்த வெயில் உன் முகத்தில் தெரிகிறது, அதை அழித்துவிடு' என்று சொல்லும் பொருளும் சில ரூபாய்க்குக் கிடைத்தது. எளிமையும் மலிவும் மட்டுமே ஒன்றை நல்லதாக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எதிர்ப்பும் இங்கிருந்தே வந்தது. 2009-இல் சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் தொடங்கியது. 2014-இல் விளம்பரத் தரக் கவுன்சில், கறுப்பு நிறத்தவரைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விதி செய்தது. 2020-இல் அந்தக் களிம்பு 'ஃபேர்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'குளோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறியதே தவிர ஏக்கம் மாறவில்லை. போன ஆண்டு என் மாணவி ஒருத்தி முகமெல்லாம் சிவந்து, வெயில் பட்டாலே எரிகிறது என்று வந்து நின்றாள். பக்கத்துத் தெருவில் யாரோ கொடுத்த, பெயர் ஒட்டாத டப்பா. மருத்துவர் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு என்றார். அத்தகைய களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே விதி வந்துவிட்டது. 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், வெளுப்புக் களிம்பு பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதைக் கோட்டக்கல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். களிம்பில் இருந்தது பாதரசம். "அடுத்த மாசம் பொண்ணு பார்க்க வர்றாங்க மேம்" என்றாள் அந்த மாணவி. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

மஞ்சளின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை தரப்பட்டது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு அதை எதிர்த்தது. பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் சான்றாக வைத்து வாதாடியது. 1997-இல் காப்புரிமை ரத்தானது. நாடு கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனால் அம்மியில் மருதாணியோடு மஞ்சள் அரைத்துச் சேற்றுப்புண்ணில் அப்பிய பெண்கள் சான்றுக் கோப்பில் எழுத்தாக இல்லை. மஞ்சள் நம்முடையது என்று உலகத்திடம் வாதாடி வென்ற அதே நாட்டில், என் அப்பத்தாவின் முகத்துக்கு அது சொந்தமாக இல்லை.

அப்படியானால் தோலைப் பேணுவது வெறும் ஆடம்பரமா? இல்லை. தோல் உழைக்கும் உறுப்பு. வெயிலையும் கிருமியையும் முதலில் தாங்குவது அதுதான். கறுப்பு என்பது தோல் தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் மெலனின். அது புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, கட்டிச் சோப்போ காரம். அடிக்கடி அழுத்தித் தேய்த்தால் தோல் வறண்டு வெடிக்கும். பாத்திரம் தேய்க்கும் கைகளைக் கேட்டால் தெரியும். ஆகவே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சூடு குறைந்த நீர், மென்மையான சோப்பு அல்லது பயத்தம்மாவு. குளித்த ஈரம் காயும் முன் கைகால்களுக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய். உச்சி வெயிலில் குடை, முழுக்கைச் சட்டை. போதிய தண்ணீர், தூக்கம். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கருக்கும், அதை விட்டுவிடலாம். மஞ்சள் பிடித்தால் பூசலாம், அது யாரையும் வெளுப்பாக்காது. பிடிக்காவிட்டால் வேண்டாம்.

இந்தப் பட்டியல் சிறியது, ஆனால் இதற்கு நேரம் வேண்டும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பெண்ணுக்குத் தனக்கென்று கால்மணி நேரம் கிடைப்பதுதான் இதில் விலை அதிகமான பொருள். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, வீட்டில்தான் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீரை இன்னொருவரும் சுமக்கட்டும். பயறை மிக்ஸியில் இன்னொருவரும் அரைக்கட்டும்.

அப்பா இறந்து ஓராண்டு ஆனபோது ஊருக்குப் போயிருந்தேன். கிணற்றடியில் அந்தக் கல் பாசி பிடித்துக் கிடந்தது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். மஞ்சளை எடுத்து உரசி, அம்மாவின் கன்னத்தில் வைத்தேன். தட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தெருப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்களை மூடிக்கொண்டு, "கழுத்துக்கும் போடு" என்றாள்.