காற்றுக்குக் காத்திருந்த தெரு

கி.பி. 671-இல் யிஜிங் என்ற சீனத் துறவி குவாங்சோவில் கப்பலேறினார். போக வேண்டிய இடம் நாளந்தா. மூன்று வாரத்துக்குள் சுமத்ரா தீவின் ஸ்ரீவிஜயத்தை அடைந்தவர், அங்கேயே ஆறு மாதம் தங்கிவிட்டார். சும்மா இருக்கவில்லை, சமஸ்கிருத இலக்கணம் படித்தார். பிற்பாடு தம் நூலில், இந்தியாவுக்குக் கிளம்பும் சீனத் துறவிகள் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு இருந்து பயின்றுவிட்டுப் போவது நல்லது என்று யோசனையும் எழுதிவைத்தார். 'டிரான்சிட்' நேரத்தை உருப்படியாகக் கழிக்க வந்த பழைய வழிகாட்டி என்று அதை விளையாட்டாகச் சொல்லலாம்.

சென்னையிலிருந்து சிட்னிக்குப் போகும் வழியில் சிங்கப்பூர் சாங்கியில் எட்டு மணி நேரம் அகப்பட்டுக்கொள்பவரின் நிலையும் ஏறக்குறைய அதேதான். அவருக்கு அடுத்த விமானம் வர வேண்டும். யிஜிங் காலத்து ஆட்களுக்குக் காற்று திரும்ப வேண்டும்.

மலாக்கா நீரிணையின் பிழைப்பே அந்தக் காற்றில்தான் இருந்தது. வாடைக்காலத்தில் சீனக் கப்பல்கள் தெற்கே இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்த பிறகுதான் திரும்ப முடியும். வங்கக் கடலைத் தாண்டி வருகிறவர்களுக்கும் அவரவர் பருவம் உண்டு. இடையில் மாதக்கணக்கில் கரையில் கிடக்க வேண்டும். அப்படிக் கிடந்தவர்களைப் பராமரித்தே மலாக்கா பணக்கார ஊரானது. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், சீனர்களுக்கு ஒருவர், ஜாவா முதலான கீழைத் தீவுகளுக்கு ஒருவர்; சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு ஆட்களைக் கவனிக்க ஒருவர். தங்க இடம், சரக்கு வைக்கக் கிடங்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இன்றைய 'டிரான்ஸ்ஃபர் டெஸ்க்'கைவிட அவர்களுக்கு அதிகாரம் சற்று கூடுதல்.

1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கடை விரித்தபோது இந்தக் கூட்டம் அங்கேயும் வந்து இறங்கியது. இறங்கிய இடம் தெலோக் ஆயர். மலாய் மொழியில் 'நீர் விரிகுடா' என்று பொருள். இன்றைய தெலோக் ஆயர் தெரு அன்றைக்குக் கடற்கரை. பயணம் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், திரும்பிப் போக நல்ல காற்றும் வேண்டும். ஆளாளுக்குத் தங்கள் தெய்வத்துக்கு அங்கேயே ஓர் இடம் பிடித்தார்கள்.

ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமான மாட்சுவுக்குச் சின்னதாக எழுப்பிய வழிபாட்டிடம், 1839 முதல் 1842 வரை நடந்த திருப்பணியில் தியான் ஹாக் கெங் என்ற பெரிய கோயிலாயிற்று. கூப்பிடு தூரத்தில் 1828–30-இல் சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா நிற்கிறது. உள்ளே அடக்கம் எதுவும் கிடையாது. நாகூர் ஆண்டவரின் நினைவிடம் மட்டுமே. கடலோடிகளுக்குக் காவல் அவர் என்பது நம்பிக்கை. ஆகவே கப்பலை விட்டு இறங்கியதும் கண்ணில் படும்படி அவரையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். இன்னும் சில எட்டு வைத்தால் அல்-அப்ரார் மசூதி. 1827-இல் அது ஓலைக் குடிசை, அதனால் 'குச்சுப் பள்ளி' என்று பெயர். பெரிய கட்டடமாகி நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகியும் பெயரிலிருந்து குடிசை போகவில்லை. சற்று உள்ளே, சவுத் பிரிட்ஜ் சாலையில், ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில்.

நீராவி வந்ததும் காற்றின் தயவு தீர்ந்தது, நிலக்கரியின் தயவு தொடங்கியது. தஞ்சோங் பகாரில் கூலிகள் கூடை கூடையாகக் கரி ஏற்றி முடிக்கும் வரை, கரித்தூசிக்குப் பயந்த மேல்வகுப்புப் பயணிகள் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். 1859-இல் அமைந்த தாவரவியல் பூங்காவும் 1887-இல் திறந்த ராஃபிள்ஸ் ஓட்டலும் அவர்களுக்குத் தோதாக இருந்தன. கப்பலின் திறந்த தளத்தில் வந்த டெக் பயணிகளின் கதை வேறு. 1874 முதல் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்பு முகாம் நடந்தது. கப்பலில் காலராவோ அம்மையோ என்று சந்தேகம் வந்தால் அங்கே இறக்கிவிடுவார்கள். நகரம் எதிரே தெரியும், போக முடியாது. ஒரே துறைமுகத்தில் இரண்டு விதக் காத்திருப்பு.

விமானம் வந்தும் முதலில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. சதுப்பைத் தூர்த்துக் கட்டிய காலாங் விமான நிலையம் 1937 ஜூனில் திறந்தது. வட்டமான புல்தரை, பக்கத்திலேயே கடல்விமானம் இறங்க நீர். அமெரிக்க விமானி அமீலியா ஏர்ஹார்ட் தம் கடைசிப் பயணத்தில் அதே மாதம் அங்கே இறங்கிச் சென்றார். 1947 டிசம்பரில் குவாண்டாஸ் சிட்னியிலிருந்து லண்டனுக்குத் தொடங்கிய 'கங்காரு பாதை' நான்கு நாள் பயணம்; சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கல். இறங்கித் தூங்கி எழுந்து போவதும் அன்று பயணத்தின் ஒரு பகுதிதான்.

1955-இல் பயா லேபாருக்கு விமான நிலையம் மாறியது. அங்கே எல்லாருக்கும் வரவேற்பு ஒரே மாதிரி இருந்ததென்று சொல்ல முடியாது. எழுபதுகளில் நீண்ட முடி வைத்த ஆண்களை அரசு ஹிப்பிகளாகப் பார்த்தது. அவர்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். லெட் செப்பெலின் ராக் இசைக்குழுவின் 1972 கச்சேரி முடியினாலேயே நடக்காமல் போனது.

சாங்கி 1981 ஜூலை 1-இல் இயங்கத் தொடங்கியது, அதுவும் கடலைத் தூர்த்த மண்ணில். பறக்கும் தூரம் கூடக்கூட, நிற்காமல் தாண்டிப் போய்விடக் கூடிய ஊராகச் சிங்கப்பூர் ஆகிவிடுமோ என்ற கவலைக்கு இடமிருந்தது. பெர்த்திலிருந்து லண்டனுக்கு 2018 முதல் இடைநில்லா விமானமே பறக்கிறது. சாங்கியின் பதில், நிற்பதற்கு ஒரு காரணம் உண்டாக்கிக் கொடுப்பது. காத்திருப்பவர்களைப் பேருந்தில் ஏற்றி இலவசமாக ஊரைக் காட்டும் சுற்றுலாவை 1987-இல் ஆரம்பித்தார்கள். இப்போது ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், ஒரு நாளுக்குள் இடைவெளி உள்ளவர்களுக்கு அது உண்டு. பட்டாம்பூச்சித் தோட்டம், நீச்சல் குளம், 2019-இல் திறந்த ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயர அருவி எல்லாம் அதன் பின்னே வந்தவை. அருவியைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அரை மணிக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

மிச்ச நேரத்துக்குத் தெலோக் ஆயர்தான் சரி. விமான நிலையத்திலேயே ரயிலேறி, எக்ஸ்போவில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் தெலோக் ஆயர் நிலையம். போய்ச் சேர ஒரு மணி நேரம் போதும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் வெளியே வர விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் விசா கையில் இருப்பவர்களுக்கு 96 மணி நேரச் சலுகை ஒன்று உண்டு. விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

தர்கா வாசலில் நின்றால் எதிரே கடல் இல்லை. 1879-இல் தொடங்கிய தூர்ப்பு வேலை அதைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. கப்பல்கள் நங்கூரமிட்ட இடத்தில் வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன. மதியம் ஒரு மணிக்கு அவற்றிலிருந்து இறங்கி வரும் கூட்டம் தர்காவையும் மாட்சு கோயிலையும் திரும்பிப் பார்க்காமல் சோற்றுக்கடைகளை நோக்கி நடக்கிறது.