உயிர் காலேஜ், செத்த காலேஜ், பதினாலு மாடி

"பட்டணம் பார்த்துட்டு வந்தேன்" என்று ஊரில் ஒருவர் சொன்னால், அந்தக் காலத்தில் யாரும் எந்தப் பட்டணம் என்று கேட்டதில்லை. செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களுக்குப் பட்டணம் என்றால் மெட்ராஸ்தான். என்னென்ன பார்த்தாய் என்று கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். உயிர் காலேஜ், செத்த காலேஜ், மூர் மார்க்கெட், சென்ட்ரல் ஸ்டேஷன், பீச். 1959-க்குப் பிறகு போனவர்கள் என்றால் இதோடு பதினாலு மாடிக் கட்டடமும் சேரும்.

இதைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் என் அம்மா. வயது 81. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1960-ல், பதினாறு வயதில், தன் அப்பாவோடு ஒரே ஒரு நாள் பட்டணம் பார்க்கப் போனவர். அதற்குப் பிறகு சென்னைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார். எல்லாம் கல்யாணம், கருமாதி, கண் ஆபரேஷன், முட்டி வலி. இங்கே சிறுசேரியில் எங்களோடு வந்து தங்கியும் வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் "பார்க்க" என்று போனது அந்த ஒரு நாள்தான். போன மாதம் ஒரு மாலையில், "எல்லாத்தையும் இன்னொரு வாட்டி பார்த்துட்டு வந்துடலாமாடா?" என்று கேட்டார். என் மகன் உடனே பெரிய மால்களின் பெயர்களை அடுக்கினான். "அதெல்லாம் நீங்க போங்க. எனக்கு எங்க அப்பாரு காட்டுனது போதும்" என்று சொல்லிவிட்டார்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஐந்து இடங்கள். அவை ஒவ்வொன்றும் இப்போது எங்கே, எப்படி இருக்கின்றன என்று பார்க்கப்போய், அது நம் தென்சென்னைப் பக்கத்துச் சரித்திரமாகவே விரிந்தது.

ஏன் அது காலேஜ்?

முதலில் அந்தப் பெயர். படிப்பே சொல்லித்தராத இடத்துக்குக் காலேஜ் என்று ஏன் பெயர்? மெட்ராஸ் மியூசியம் 1851-ல் தொடங்கியபோது அது எழும்பூரில் இல்லை. நுங்கம்பாக்கத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தில் இருந்தது. இன்றைக்கும் அந்தச் சாலைக்குப் பெயர் காலேஜ் ரோடுதான். காலேஜுக்குள் இருந்ததால் ஜனங்கள் மியூசியத்தையே காலேஜ் என்றார்கள். 1854-ல் எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறிய பிறகும் பெயர் கூடவே போய்விட்டது.

மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபோர் என்ற ராணுவ டாக்டர். கல்லையும் எலும்பையும் மட்டும் வைத்தால் கூட்டம் வராது, உயிருள்ள மிருகம் இருந்தால் வரும் என்று அவர் கண்டுகொண்டார். ஆர்க்காடு நவாபிடம் இருந்த மிருகங்களையும் கேட்டு வாங்கி, 1855-ல் மியூசியம் வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். சீக்கிரத்திலேயே முந்நூறுக்கு மேல் உருப்படிகள் சேர்ந்துவிட்டன. 1860-களின் தொடக்கத்தில் மிருகங்கள் மட்டும் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அது கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் உண்டான 116 ஏக்கர் பூங்கா. ஒரே காலேஜ் இப்படி இரண்டாகப் பிரிந்தது. பாடம் செய்த உடல்கள் இருந்த இடம் செத்த காலேஜ், உறுமுகிற மிருகங்கள் இருந்த இடம் உயிர் காலேஜ். இதைவிடத் தெளிவாகப் பெயர் வைக்க யாரால் முடியும்?

எல்லாம் ஒரு ஸ்டேஷனைச் சுற்றி

அம்மா சொன்ன அந்த நாளைக் கேளுங்கள். மதுராந்தகத்தில் விடியற்காலை கரி இன்ஜின் வண்டி. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில். பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே அப்போது கரிவண்டிதான். "புகையே இல்லாம ஓடுச்சுடா" என்பதுதான் அம்மாவுக்கு முதல் அதிசயம். பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். அதன் பக்கத்தில் சிவப்பாக மூர் மார்க்கெட். அதன் பின்னால் உயிர் காலேஜ். இந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. செத்த காலேஜுக்கு அடுத்த ஸ்டேஷனான எழும்பூரில் இறங்கி நடந்தால் போதும்.

என் தாத்தா பெரிய பயண அறிவாளி ஒன்றும் இல்லை. இரண்டு காணி நிலம் வைத்திருந்த விவசாயி. அவரால் ஒரு பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு, கட்டுச்சோற்று மூட்டையோடு போய், ஒரே நாளில் இத்தனையும் காட்டிவிட்டு ராத்திரி வண்டியில் திரும்ப முடிந்தது. காரணம், பட்டணத்தில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் அந்த இரண்டு ஸ்டேஷன்களைச் சுற்றி நடக்கும் தூரத்துக்குள் இருந்தது. பஸ் ஏறியது மவுண்ட் ரோடுக்கும் பீச்சுக்கும் மட்டும்தான். டிராம் வண்டியைக் காட்டவில்லையே என்று மட்டும் தாத்தாவுக்குக் குறை. அது 1953-லேயே நின்றுவிட்டது.

உயிர் காலேஜில் வைத்துத் தாத்தா சொன்ன ஒரு விஷயம் அம்மாவுக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கூண்டு உடைந்தால் மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்ற பயத்தில் சிங்கம், புலி போன்றவற்றைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மலபார் ஸ்பெஷல் போலீஸ் செய்த வேலை அது. ஊரே காலியாகி ஜனங்கள் கிராமங்களுக்கு ஓடிவந்த சமயம். அம்மா பார்த்ததெல்லாம் யுத்தத்துக்குப் பிறகு வந்த சிங்கங்கள்.

பதினாலு மாடி

மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 1959 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 177 அடி. அம்மா பார்த்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம்முடைய யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தொடங்கியது. அவர் 1954-ல் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்துபோனார். 1956-ல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தேசியமயமாகி, கட்டடம் எல்.ஐ.சி.க்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு நம் சினிமாக்களில் கிராமத்து ஆள் மெட்ராஸ் வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷனும் இந்தக் கட்டடமும் போதும் என்று ஆகிவிட்டது. அம்மா மாடி எண்ணத் தொடங்கி ஒன்பதில் கணக்கு விட்டுவிட்டாராம். அண்ணாந்து பார்த்ததில் தாத்தாவின் தலைப்பாகை ரோட்டில் விழுந்ததாம்.

1985

இந்தப் பட்டியல் கலைந்தது எப்போது என்று பார்த்தால் ஒரே ஒரு வருஷம் வந்து நிற்கிறது. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் பெயரால் 1900-ல் திறந்த சந்தை. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பொம்மை, கிளி என்று எதைக் கேட்டாலும் கிடைத்த இடம். வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். அந்த இடம் ரயில்வேயிடம் போயிற்று. இன்று புறநகர் ரயில்கள் நிற்கும் இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர். சந்தை போய், பெயர் மட்டும் ரயில் அட்டவணையில் இருக்கிறது.

அது எரிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 24 அன்று வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். மாநகராட்சியின் நெருக்கடியான கூண்டுகளிலிருந்து மிருகங்கள் வனத்துறையின் காட்டுக்கு வந்தன. பட்டணத்தில் பார்க்க வேண்டியதில் முதல் பெயர் அப்படியே தெற்கே வந்து தாம்பரத்தைத் தாண்டி இறங்கிவிட்டது.

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. கிண்டியில் இருக்கிற பாம்புப் பண்ணையை ரோமுலஸ் விட்டேகர் முதலில் தொடங்கியது தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில்தான். 1972-ல் கிண்டிக்கு மாறியது. அவரே 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். முட்டுக்காட்டில் படகுத்துறையும் தட்சிணசித்ராவும் வந்தன. போதாததற்கு 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். தெற்கிலிருந்து பட்டணம் பார்க்க வருகிறவர்கள் இப்போது இறங்குவதே வண்டலூர் பக்கத்தில்தான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாத்தா ஒரு நாளில் நடந்து காட்டியதை இன்று ஒரு நாளில் யாராலும் காட்ட முடியாது. எல்லாம் நாற்பது கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கிறது. 81 வயதுக்காரர் ஒரு தடவையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்திருப்பதே கஷ்டம். டாக்டரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் போட்டிருக்கும் திட்டம்

மாதம் மார்கழி. வெயில் இல்லை. காணும் பொங்கலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அன்றைக்கு மெரினாவிலும் வண்டலூரிலும் சேரும் கூட்டத்தில் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவது நடக்காத காரியம்.

திங்கட்கிழமை காலை வண்டலூர், திறக்கும் நேரத்துக்கே. இங்கிருந்து கேளம்பாக்கம் போய் வண்டலூர் சாலையைப் பிடித்தால் பட்டணத்துக்குள் போகவே வேண்டாம். உள்ளே பேட்டரி வண்டி உண்டு. 602 ஹெக்டேர் பூங்காவில் அதுதான் வழி. செவ்வாய் முழுக்க ஓய்வு. எப்படியும் அன்று பூங்காவுக்கு விடுமுறை.

புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழும்பூர் மியூசியம். அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை. பழைய கட்டடங்கள், படிகள் அதிகம். எல்லாவற்றையும் பார்க்கப் போவதில்லை. திமிங்கல எலும்புக்கூடும், ஏதாவது ஒரு கூடமும் போதும். அங்கிருந்து மவுண்ட் ரோடு வழியாகத்தான் பீச்சுக்குப் போக வேண்டும். எல்.ஐ.சி. எதிரில் வண்டியை மெதுவாக விடச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாவது மாடியிலிருந்து எண்ணிக்கொள்ளட்டும்.

பீச்தான் எனக்குக் கவலையாக இருந்தது. மணலில் அம்மாவால் பத்தடி நடக்க முடியாது. தூரத்திலிருந்து கடலைக் காட்டிவிட்டுத் திரும்புவதா? இதற்கு ஒரு வழி இருக்கிறது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, அதாவது நம் பழைய ஐஸ் ஹவுஸுக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக மணல்மேல் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரி செய்தார்கள். சக்கர நாற்காலியை அதில் தள்ளிக்கொண்டு அலைக்குப் பக்கத்திலேயே போய்விடலாம். 1960-ல் அலையில் கால் வைத்ததும் பயந்துபோய்த் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாராம் அம்மா. இப்போது பிடித்துக்கொள்ள என் பேன்ட்தான் இருக்கிறது என்றேன். "நீயே நாற்காலியைக் கெட்டியா புடிச்சுக்கோ, அது போதும்" என்றார்.

மூர் மார்க்கெட் மட்டும்தான் பட்டியலில் பதில் இல்லாமல் நிற்கிறது. அது எரிந்த செய்தியை அம்மாவும் அப்போதே பேப்பரில் பார்த்திருக்கிறார். தாத்தா அங்கே வாங்கித் தந்த தகர ஊதல் எங்கள் வீட்டு அலமாரியில் ரொம்ப நாள் இருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்குப் போக வேண்டுமா என்று கேட்டேன். "வேணாம். எங்கே இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், அது போதும்" என்றார். அதை அடித்துவிடவில்லை, பட்டியலிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

எங்கள் சிறுசேரி சிப்காட்டுக்கு மாதவரத்திலிருந்து மெட்ரோ ரயில் பாதை போடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. சுமார் 45 கிலோமீட்டர். அது ஓடத் தொடங்கினால், பல இடங்களை மறுபடியும் ரயிலிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அம்மாவிடம் சொன்னேன். "அது வரும்போது வரட்டும், நாம மார்கழியிலேயே போயிட்டு வந்துடலாம்" என்றார்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், எங்கே போகலாம் என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன்னால், முதல் முறை பட்டணம் வந்தபோது என்ன பார்த்தார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் என் ஐந்தில் இல்லாத இடம் ஏதாவது இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். புதன்கிழமை மாலை இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது.