கீழ்நோக்கியே பார்த்த அட்டை: குழந்தையின் எடையும் பெற்றோரின் கைப்பேசியும்

குழந்தைப் பருவ உடற்பருமனைத் தடுக்கப் பெற்றோரின் கைப்பேசிச் செயலி உதவுமா என்பது இன்று பொதுச் சுகாதாரத் துறையினர் புதிதாக எழுப்பும் வினா. வரலாறு பயில்வோர்க்கு அது அவ்வளவு புதியதன்று. குழந்தையின் எடையைக் குறித்துவைக்கும் கருவி யார் கையில் இருக்கவேண்டும், அது எதைக் காட்டவேண்டும் என்ற இரண்டு பழைய வினாக்கள் அதனுள் இருக்கின்றன. அவற்றை வாளையாரிலிருந்து பார்க்க முயல்கிறது இப்பதிவு.

வாளையாரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது சென்னை மாநிலத்துக்குள்ளேயே மலபார் மாவட்டத்தையும் கோயம்புத்தூர் மாவட்டத்தையும் பிரித்த எல்லை. அன்றுமுதல் இரு மாநிலங்களின் எல்லை. வீட்டில் தமிழும் அரசுத் தாள்களில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் பாலக்காட்டின் இக்கிழக்கு ஓரத்தில் தலைமுறைகளாக இருந்துவருகின்றன. ஒரு குழந்தையைப் பற்றி அரசு எழுதிவைப்பதற்கும், அக்குழந்தையின் தாய் படித்தறிவதற்கும் இடையிலுள்ள தூரம் இங்கே சற்றுக் கூடுதலாகவே தெரியும்.

தென்னிந்தியாவில் ஊட்டச்சத்து என்பது ஓர் ஆய்வுத் துறையாக உருவானது குன்னூரில். இராபர்ட் மெக்காரிசன் 1918-இல் அங்கே பெரிபெரி நோய் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். இந்தியாவின் பல வட்டாரங்களின் உணவை எலிகளுக்கு ஊட்டி, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். தென்னாட்டு ஏழையின் அரிசி உணவு அவ்வொப்பீட்டில் தாழ்ந்த இடத்தையே பெற்றது. 1935-இல் பொறுப்பேற்ற வாலஸ் ஐக்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை 1937-இல் வெளியிட்டார். அந்த ஆய்வுக்கூடம் பின்னர் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. இக்கால ஆய்வுகள் அனைத்தும் தேடியது ஒன்றைத்தான்: இல்லாமையை. பஞ்சங்களின் நினைவு மங்காத நாட்டில் வேறெதைத் தேடியிருக்க முடியும்? குறை அதிலன்று. தேடிய பொருளுக்கேற்பக் கருவியும் அமைந்துவிட்டது, அக்கருவி நெடுங்காலம் மாறவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

கருவியின் கதை நைஜீரியாவில் தொடங்குகிறது. ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டேவிட் மார்லி 1950-களின் பிற்பகுதியில் இமெசி-இலே என்னும் சிற்றூரில் குழந்தைகளைத் தொடர்ந்து எடைபார்த்து, அதனடிப்படையில் ‘நலவழி அட்டை’ ஒன்றை வகுத்தார். அட்டையில் மேலொன்றும் கீழொன்றுமாக இரு வளைகோடுகள். நடுவே உள்ள வழியில் குழந்தையின் எடைப்புள்ளிகள் மாதந்தோறும் ஏறிச்செல்ல வேண்டும். இதில் இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, மார்லிக்குப் புள்ளி நிற்கும் இடத்தைவிடக் கோடு செல்லும் திசையே பெரிது. இரண்டாவது, அட்டை மருத்துவமனைக் கோப்பில் தங்காது. நெகிழி உறையிலிட்டுத் தாயிடமே கொடுக்கப்படும். படிக்கத் தெரியாத தாய் அதை வைத்து என்ன செய்வாள் என்று கேட்ட மருத்துவர்களும் இருந்தனர். அட்டைகள் தொலையாமல் திரும்பி வந்தன.

இந்தியாவுக்கு வந்தபோது இவ்விரண்டுமே மாறின. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 1972-இல் வகுத்த தரப்பிரிப்பில், ஆர்வர்டு அளவீட்டின் நடு எடையில் 80 விழுக்காட்டுக்கு மேலுள்ள குழந்தை இயல்பானது. அதற்குக் கீழே நான்கு தரங்கள். நான்கும் கீழ்நோக்கியே இறங்கின. 80-க்கு மேல் எல்லையே இல்லை. நடு எடைக்கு ஒன்றரை மடங்கு எடையுள்ள குழந்தையும் அவ்வட்டையில் ‘இயல்பு’தான். 1975 அக்டோபர் 2 அன்று 33 ஒன்றியங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இத்தரங்களையே கைக்கொண்டது. கேரளத்தில் அதன் முதல் ஒன்றியம் மலப்புறம் மாவட்டத்து வேங்ஙரை. அங்கன்வாடியில் வளர்ச்சிக் கோடு வரையப்பட்டது. ஆனால் அது பணியாளரின் பதிவேட்டில் வரையப்பட்டது. திசை, தரமாக மாறிற்று; தாயின் அட்டை, அரசின் பதிவேடாக மாறிற்று.

விதிவிலக்கு ஒன்று எல்லையின் இப்பக்கம் நிகழ்ந்தது. உலக வங்கியின் உதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்த்தது. எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் துணை உணவு வழங்கியது, தேறியதும் நிறுத்தியது. எல்லாக் குழந்தைக்கும் எப்போதும் உணவு என்ற வழக்கத்துக்கு இது நேர்மாறு. அதற்கான கண்டனமும் எழுந்தது. 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபின் அரசியல் கவர்ச்சி முழுவதும் அப்பக்கம் போயிற்று. ஆயினும், குழந்தையின் கோடு எப்பக்கம் நகர்கிறது என்பதைத் தாயுடன் உட்கார்ந்து பேசும் பழக்கத்தை அரசுத் திட்டத்துக்குள் கொண்டுவந்ததில் அதற்கு இணையான முயற்சிகள் குறைவு. நம் ஊட்டச்சத்து வரலாற்று நூல்கள் சத்துணவுக்குத் தரும் பக்கங்களில் பத்திலொன்றையேனும் இதற்குத் தரலாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய வளர்ச்சி அளவீடுகள் 2006-இல் வந்தன. 2008-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. தாய்க்கும் ஓர் அட்டை மீண்டும் கிடைத்தது. ஆனால் அங்கன்வாடிகளில் புழங்கிய கோடு வயதுக்கேற்ற எடையின் கோடு. அதைக் கொண்டு மிகை எடையைக் கண்டறிய இயலாது. உயரமான குழந்தையும் பருத்த குழந்தையும் அதில் ஒரே இடத்தில் நிற்பார்கள். உயரத்துக்கேற்ற எடை வேண்டும். அதற்கு உயரம் அளக்கும் கோல் வேண்டும். அக்கோல்கள் நாடெங்கும் அங்கன்வாடிகளுக்குப் பெருமளவில் சென்றது 2018-இல் தொடங்கிய போஷண் இயக்கத்தின் வழியாகத்தான். அதாவது, குழந்தை பருத்திருக்கிறதா என்று கேட்பதற்கான கருவியே அங்கன்வாடித் திட்டம் தோன்றி நாற்பதாண்டுகள் கடந்தபின்தான் பரவலாக வந்தது.

அதனுடன் கைப்பேசியும் வந்தது. 2021 மார்ச்சு முதல் நடப்பில் உள்ள போஷண் டிராக்கர் செயலியில் அங்கன்வாடிப் பணியாளர் எடையையும் உயரத்தையும் உள்ளிட்டால் தரத்தைச் செயலியே கணித்துவிடும். பணியாளர் கையால் கோடு வரைந்த காலத்து வேலைப்பளு குறைந்தது உண்மை. ஆனால் கோடு வரைவதும் ஒரு வகையில் பார்ப்பதுதான். பக்கத்தில் நிற்கும் தாயும் அதைப் பார்த்தாள். இன்று எண்கள் உள்ளே போகின்றன, வண்ணம் வெளியே வருகிறது, தரவு மாவட்டத்துக்கும் தலைநகருக்கும் ஏறுகிறது. செயலியின் முதற்பயனர் பணியாளர்; அவருக்குப் பின்னால் மேற்பார்வையாளர். பெற்றோர் வரிசையில் கடைசியில் நிற்கிறார்.

இது ஏன் முதன்மையான சிக்கல் என்பதற்குக் கேரளத்தின் எண்களே போதும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16-இல் ஐந்து வயதுக்குட்பட்ட கேரளக் குழந்தைகளில் 3.4 விழுக்காட்டினர் மிகை எடையினர், 2019-21-இல் 4.0. அதே இடைவெளியில் எடைக்குறைவு 16.1-இலிருந்து 19.7-ஆக உயர்ந்தது. இரு முனைகளும் ஒருசேரப் பெருகின. 2013-இல் பழங்குடிச் சிசுக்களின் மரணங்களால் நாடறிந்த அட்டப்பாடியும், பண்டங்கள் குவியும் வாளையார் நெடுஞ்சாலையும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. பெண்களில் மிகை எடையினர் 38.1 விழுக்காடு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இக்குழந்தைகள் வளரப்போகும் வீட்டின் உணவுச்சூழல் புலப்படும்.

நான்கு விழுக்காடு சிறிய எண் என்று ஒதுக்குவோர்க்கு ஒரு நினைவூட்டல். 1969-72-இல் தில்லியில் பிறந்தோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2004-இல் வெளியாயின. வளர்ந்தபின் நீரிழிவுக்கோ அதன் முன்நிலைக்கோ ஆளானவர்கள், இரண்டு வயது வரை பெரும்பாலும் மெலிந்த குழந்தைகள். அதன்பின் அவர்களின் உடற்பொருண்மைக் குறியெண் விரைந்து ஏறியது. ஆனால் பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூடப் ‘பருமன்’ என்ற வரையறைக்குள் வரவில்லை. தரத்தை மட்டும் காட்டும் கருவி இவர்களை ஒருமுறைகூடப் பிடித்திராது. திசையைக் காட்டும் கருவி பிடித்திருக்கும். மார்லியின் பழைய வலியுறுத்தல், அவர் எண்ணியிராத எதிர்முனையில் பொருள்பெறுகிறது.

அரசு இம்முனையைக் கண்டுகொள்ளவில்லை என்றும் சொல்ல முடியாது. 2016 ஜூலையில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக், வணிகப்பெயர் கொண்ட உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா போன்றவற்றுக்கு 14.5 விழுக்காடு ‘கொழுப்பு வரி’ விதித்தார். உலகச் செய்தித்தாள்கள் எழுதின. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அவ்வரி மறைந்தது. வாளையாரில் சரக்குந்துகளை நாள்கணக்கில் நிறுத்திவைத்த வணிகவரிச் சோதனையும் அதனோடு முடிந்தது. அவ்வரி பிறந்ததும் இறந்ததும் வாளையார்ச் சிற்றூர்க் குழந்தைக்குப் பெரிதாக எதையும் மாற்றியிராது என்பது என் கணிப்பு. அக்குழந்தை உண்பது பீட்சா அன்று. பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலம்.

பெற்றோரின் கைப்பேசியையே கருவியாக்கிய முயற்சிகளுள் நன்கு ஆராயப்பட்டது சுவீடனின் ‘மினிஸ்டாப்’. நாலரை வயதுக் குழந்தைகள் 315 பேரின் பெற்றோரைக் கொண்டு நடந்த முதல் சோதனையின் முடிவு 2017-இல் வெளிவந்தது. ஆறு மாதங்களில் உடற்கொழுப்பில் வேறுபாடு இல்லை. உணவு, அசைவுப் பழக்கங்களைச் சேர்த்துக் கணித்த மதிப்பெண் உயர்ந்தது. ஓராண்டில் அதுவும் நிலைக்கவில்லை. அடுத்த வடிவத்தை அவர்கள் தனியே விட்டுவிடாமல், குழந்தைநல மையச் செவிலியரின் வழக்கமான சந்திப்போடு இணைத்தனர். சுவீடிய மொழியுடன் ஆங்கிலம், அரபி, சோமாலி மொழிகளிலும் தந்தனர். 552 குடும்பங்களில் நடந்த அச்சோதனையில் இனிப்பும் இனிப்புப் பானமும் குறைந்தன, திரை பார்க்கும் நேரமும் சற்றுக் குறைந்தது, பெற்றோரின் தன்னம்பிக்கை கூடியது. உடற்பொருண்மைக் குறியெண் மாறவில்லை. செயலியை விற்க வருவோர் முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவர். எதிர்ப்போர் கடைசி வரியை மட்டும். ஏற்கெனவே ஒல்லியாகவுள்ள குழந்தைகளே மிகுதியாக இருக்கும் கூட்டத்தில் ஆறு மாதத்தில் எடை மாறாதது வியப்பன்று. நான் எடுத்துக்கொள்வது வேறொன்று: ஒரு சிறுபான்மையின் மொழியில் தருவதை அவர்கள் சலுகையாகக் கருதாமல் திட்டத்தின் கட்டமைப்பாகவே வைத்தனர்.

கேரளத்திலும் பெற்றோரின் கைப்பேசி ஒருமுறை அங்கன்வாடி உணவை மாற்றியிருக்கிறது, செயலி எதுவும் இல்லாமலேயே. 2025 தொடக்கத்தில், உப்புமாவுக்குப் பதில் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று ஒரு சிறுவன் கேட்ட காணொலியை அவன் தாய் பதிவிட்டார், மாநிலமே பார்த்தது. அதே ஆண்டு ஜூனில் அரசு புதிய உணவுப் பட்டியலை அறிவித்தது: முட்டைப் பிரியாணி சேர்ந்தது, புரதம் கூடியது, சர்க்கரையும் உப்பும் குறைக்கப்பட்டன. செய்தித் தலைப்புகள் பிரியாணியோடு நின்றுவிட்டன. சர்க்கரைக் குறைப்பே மேல்முனையை நோக்கிய மாற்றம். அதன் காரணத்தைப் பெற்றோருக்கு யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை. மூன்று வயதுக்குட்பட்டோர் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் ‘அமிர்தம்’ சத்துமாவிலும் கோதுமை, கடலை, சோயா, நிலக்கடலையுடன் சர்க்கரையும் ஒரு கூறு. மெலிந்த குழந்தைக்கு அது ஆற்றல். இரண்டு வயதுக்குப்பின் கோடு செங்குத்தாக ஏறும் குழந்தைக்கு அதை எவ்வளவு, எத்தனை வேளை தருவது என்பதைத் தீர்மானிப்பவர் வீட்டிலிருக்கும் தாயோ பாட்டியோதான். அந்த ஏற்றம் முதலில் தெரியவேண்டியது அவர்களுக்கு. வாளையாரில் அது தமிழிலும் தெரியவேண்டும்.