சேர்க்கைப் பதிவேடும் டைரக்டரி சர்வரும்



தோல் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். "சார், கம்பெனிக்கு டைரக்டரி சர்வர் போடணும். எதை வாங்குறதுன்னு குழப்பமா இருக்கு" என்றார். எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொன்னேன்.

யார் யார் வேலையில் இருக்கிறார்கள், யாருக்கு எதற்கு அனுமதி என்பதை ஒரே இடத்தில் வைத்திருப்பதுதான் டைரக்டரி. மெயில், கோப்புகள், பிரிண்டர் எல்லாம் அதைக் கேட்டே ஆளை உள்ளே விடும். இதன் வேர் தொலைபேசித் துறையில் இருக்கிறது. 1988இல் உலகத் தொலைபேசித் துறைகளின் அமைப்பு 'எக்ஸ்.500' என்ற விதிமுறையை வெளியிட்டது. அன்றைய சிறிய கணினிகளுக்கு அது பெரும் சுமை. 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸும் நண்பர்களும் அதை எளிதாக்கி 'எல்டாப்' கொண்டுவந்தார்கள். 1998இல் இலவசமான 'ஓப்பன்எல்டாப்' வந்தது. 2000இல் விண்டோஸ் 2000உடன் மைக்ரோசாப்டின் 'ஆக்டிவ் டைரக்டரி' வந்தது. இதற்கு சர்வருக்கும் பயனாளர்களுக்கும் தனித்தனி லைசென்ஸ் வேண்டும். இலவசமானதற்கு, பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

நம் ரயில்வேயும் ஊழியர் விவரங்களை ஒரே இடத்தில் சேர்க்கும் வேலையைச் செய்தது. காகிதப் பணிப்பதிவேட்டில் இருந்தவை கணினிக்கு மாறி, 2020 நவம்பரில் எச்.ஆர்.எம்.எஸ். வழியாக ஊழியர்களே பார்க்கும் வசதி வந்தது.

மாணவரிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "தம்பி, வாங்குறது சுலபம். பெயர்களைச் சரிபார்க்கிறதுதான் வேலை."

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே வகுப்பில் இரண்டு எஸ். சேகர் இருந்தார்கள். பெயரை மட்டும் பார்த்து மதிப்பெண்ணை மாற்றி எழுதிவிட்டேன். ஒரு பையனின் உதவித்தொகை நின்றுபோனது. சரிசெய்ய மூன்று மாதம் ஆனது. அவன் அப்பா பள்ளி வாசலில் நின்ற நாட்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அதன்பின் சேர்க்கை எண்ணைப் பார்க்காமல் எதையும் எழுதியதில்லை.

சேர்க்கைப் பதிவேட்டில் ஒருவருக்குக் கொடுத்த எண்ணை மற்றவருக்குக் கொடுக்க மாட்டோம். மாற்றுச் சான்றிதழ் கொடுத்த அன்றே விலகிய தேதியை எழுதிவிடுவோம். கம்பெனியிலும் அப்படித்தான். பெயரை நம்பாமல் எண்ணை நம்ப வேண்டும். வேலையை விட்டவரின் கணக்கை அன்றைக்கே மூட வேண்டும். திறந்தே கிடந்தால், பூட்டிய வீட்டின் சாவியைத் தெருவில் போட்ட கதைதான்.

எந்த சர்வர் வாங்கினாலும் பதிவேட்டை ஒழுங்காக எழுத ஓர் ஆள் வேண்டும், கண்ணுகளா.

அன்புடன்,
உங்கள் சார்