விலைக்கு வாங்கும் காவல்: லேக்வுட் திட்டமும் சிறுநகரங்களின் செலவுக் கணக்கும்

சொந்தமாக ஒரு காவலர்கூட இல்லாமல் ஓர் ஊர் நகராட்சியாக இயங்க முடியுமா? முடியும் என்று 1954ஆம் ஆண்டு காட்டியது கலிபோர்னியாவின் லேக்வுட். லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியில் (மாவட்டத்தில்) ஏறத்தாழ 17,500 வீடுகளோடு சில ஆண்டுகளுக்குள் எழுந்த குடியிருப்பு அது. பக்கத்து லாங் பீச் நகரம் அதைத் துண்டு துண்டாகத் தன்னோடு இணைக்க முற்பட்டது. அதைத் தடுக்க வழக்கறிஞர் ஜான் டாட் ஒரு வழி சொன்னார்: தனி நகரமாவோம், சேவைகளைக் கவுன்டியிடமே விலைக்கு வாங்குவோம். ஏப்ரல் 16 அன்று லேக்வுட் நகரமானது. காவல் பணி கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃப்பிடமே நீடித்தது. மாறியது என்னவென்றால், இனி அதற்கு ஒப்பந்தமும் கட்டணமும் உண்டு.

இந்த ஏற்பாடு வேகமாகப் பரவியதற்கு 1950களின் நடுவில் வந்த பிராட்லி-பர்ன்ஸ் உள்ளூர் விற்பனைவரிச் சட்டம் பெரிதும் உதவியது. கடைவீதியுள்ள ஊர் நகரமாகிவிட்டால் அந்த வரியின் பெரும்பகுதி அதற்கே. காவல் நிலையம் கட்டும் செலவும் இல்லை. 1956இல் டெய்ரி வேலி, 1957இல் இண்டஸ்ட்ரி என வரிசையாகப் புதிய நகரங்கள் உருவாயின. 1957இலேயே ஒப்பந்த நகரங்கள் தமக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டன. தனித்தனியே பேரம் பேசினால் கவுன்டியிடம் எடுபடாது என்று அவை தொடக்கத்திலேயே உணர்ந்தது விவேகமான செயல்.

பின்னர் ஒரு சர்ச்சை, எதையெல்லாம் செலவாகக் கணக்கிடுவது என்பதில் எழுந்தது. ரோந்துக் காவலரின் சம்பளத்தோடு, ஷெரிஃப் தலைமையகத்தின் நிர்வாகச் செலவிலும் ஒப்பந்த நகரம் பங்கு தர வேண்டுமா? வேண்டும் என்றன சொந்தக் காவல்துறை வைத்திருந்த நகரங்கள். தங்கள் மக்களின் கவுன்டி வரி அடுத்த ஊரின் காவலுக்குப் போகிறது என்பது அவற்றின் புகார். 1973இல் வந்த கொன்சால்வஸ் சட்டம், கவுன்டியின் பொதுவான நிர்வாகச் செலவை நகரங்கள் மீது ஏற்றுவதைத் தடுத்தது. அதைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் ஜோ கொன்சால்வஸ், முன்பு டெய்ரி வேலியின் மேயர். ஒப்பந்தக் காவலின் மலிவுக்குச் சிக்கனம் மட்டுமல்ல, இந்த அரசியல் வெற்றியும் காரணம் என்பதே என் கணிப்பு.

1978இல் கலிபோர்னிய வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்தபின் நகரங்களின் கை மேலும் இறுகியது. இங்கே ஒப்பந்தத்தின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டும். நகரம் வாங்குவது ஆட்களை அல்ல, மணிநேரத்தை. தினம் எட்டு மணி நேரம், வாரம் ஏழு நாள் என்றால் 56 மணிநேர அலகு. அப்படி மூன்று சேர்ந்தால்தான் ஒரு ரோந்து வண்டி இரவும் பகலும் ஓடும். காவலர் விடுப்பில் போனால் மாற்றாள் தரும் வகையும் உண்டு, தராத வகையும் உண்டு, பின்னது மலிவு. பணம் குறைந்தால் நகரம் கைவைப்பது இந்த அலகுகளில்தான். அதே கவுன்டியின் பாலோஸ் வெர்டஸ் தீபகற்பத்திலோ, ரோலிங் ஹில்ஸ் போன்ற சிற்றூர்கள் அண்டை நகரங்களோடு கூட்டாகக் காவல் வாங்கிச் செலவைப் பகிர்கின்றன.

குறைக்க முடியாத செலவு ஒன்று உண்டு: இழப்பீடு. காவலர் மீதான வழக்குகளுக்காக ஒப்பந்த நகரங்கள் எல்லாம் கட்டணத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டைப் பொது நிதியில் செலுத்துகின்றன. எங்கோ நடந்த தவறுக்கும் எல்லா நகரங்களும் பங்கு தருகின்றன. ஆனால் தனித்து நிற்பதன் விலையை அதே கவுன்டியின் மேவுட் நகரம் அறியும். சொந்தக் காவல்துறை மீதான வழக்குகள் பெருகி, காப்பீடு பறிபோய், 2010இல் அந்நகரம் தன் காவல்துறையைக் கலைத்து ஷெரிஃப்பிடம் போனது. நகராட்சி ஊழியர் ஏறத்தாழ அனைவரும் வேலை இழந்தனர்.

காவலரின் சம்பளமும் ஓய்வூதியமும் கவுன்டிக்கும் காவலர் சங்கத்துக்கும் இடையே முடிவாகின்றன. அங்கே நகரங்களுக்கு இருக்கை இல்லை. எவ்வளவு வாங்குவது என்பது நகரத்தின் கையில்; என்ன விலை என்பது அதன் கையில் இல்லை. கவுன்டியின் 88 நகரங்களில் ஏறத்தாழப் பாதி இன்றும் இந்த நிபந்தனையில்தான் காவலைப் பெறுகின்றன. அந்தச் சம்பளப் பேச்சில் அவற்றின் குரலுக்கும் இடம் தரப்பட வேண்டும்.