காம்பார்த் தோட்டச் சோறும் உடற்பருமனும்

நோய்களுக்கும் வரலாறு உண்டு. மன்னர் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் கிடைக்கிறது. உழைத்துப் பிழைத்த மக்களின் வரலாறோ பெரும்பாலும் அவர்கள் உண்ட சோற்றிலும் அவர்தம் உடலிலுமே எழுதப்பட்டிருக்கிறது. பேராக் மாநிலத்துக் காம்பார் இவ்வகையில் ஆராயத்தக்க ஊராகும். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் சீனரும், சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழரும் பாடுபட்ட வட்டாரம் அது. இருசாராரும் உண்டது அரிசிச் சோறே. ஆயினும் அரிசி ஒன்றன்று.

சீனத் தொழிலாளர் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த புழுங்கலரிசி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கத் தொழிலாளரைக் கொன்று குவித்தது பெரிபெரி என்னும் நோய். கால் வீங்கும், நடை தளரும், பின்னர் நெஞ்சு நிற்கும். அந்நோய் தமிழரை ஏன் அத்துணை அண்டவில்லை என்பது அன்றைய மருத்துவர்க்குப் பெரும் புதிராயிற்று. நெகிரி செம்பிலான் அரசு மருத்துவர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் குற்றத்தை அரிசியின்மேல் சுமத்தினார். அதற்குச் சற்று முன்னர்க் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் ஒரு சோதனை செய்திருந்தார். நோயாளிகளை இருகூறாக்கி, ஒரு கூறுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேரைப் பெரிபெரி பற்றியது; 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோரிடையே இருவர்க்கே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே அந்நோயுடன் வந்தவர்கள்.

நம் பாட்டிமார் நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்தது இத்தனை உயிரைக் காத்திருக்கிறது. அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது; பின்னர் தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. இக்காரணம் அறிவியலாருக்கு விளங்கியது பிற்காலத்தில்தான். பழக்கம் முந்தியது; விளக்கம் பிந்தியது.

எனினும் தோட்டத்து வாழ்வைப் பொற்காலமாக எண்ணிவிடலாகாது. விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை நிரையாய் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, மீண்டும் அதே வழி நடந்து பாலெடுத்து, வாளி சுமந்து கொட்டகை சேர்தல். லயத்து வீட்டில் காத்திருந்த சோறும் கருவாடும் அவ்வுழைப்புக்கு ஈடுகொடுக்கவில்லை. தோட்டத்தில் தொந்தி வளர்ப்பதற்கு வாய்ப்புப் பெற்றோர் நாற்காலியில் அமர்ந்தவர் மட்டுமே. நம் மொழியும் இதற்குச் சான்று பகர்கிறது. நெடுநாள் கழித்துக் கண்டவரை ‘இளைத்துப் போனீர்களே’ என்று இரங்குகிறோம். குழந்தை ‘சதை பிடித்திருக்கிறது’ என்று மகிழ்கிறோம். செல்வரைப் ‘பசையுள்ளவர்’ என்கிறோம். பசியறிந்த மக்கள் வகுத்த சொற்கள் இவை. பசி போன பின்னும் சொற்கள் நம்மைவிட்டுப் போகவில்லை என்பதைத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1941 டிசம்பர் 30ஆம் நாள் தொடங்கிய காம்பார்ச் சண்டை, 1942 சனவரி 2இல் பிரிட்டிஷ் இந்தியப் படை பின்வாங்கியதும் முடிந்தது. அதன்பின் சப்பானியர் ஆட்சி. வெளிநாட்டு அரிசி வரவு சிறுத்தது. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், திரும்பாதோர் பலர். அந்த மூன்றரையாண்டுப் பசியைக் கண்ட தாய், தன் பிள்ளையின் தட்டில் இன்னும் ஓர் அகப்பைச் சோறு வைத்ததில் வியப்பென்ன?

போருக்கு முன்பே இன்னொரு பொருள் லயத்துக்குள் நுழைந்திருந்தது. அது சர்க்கரை கலந்த டின் பால். கைக்குழந்தைகளுக்கு அதைப் புகட்டுவது கொலைக்கு ஒப்பாகும் என்று சிசிலி வில்லியம்சு என்னும் பெண் மருத்துவர் 1939இல் சிங்கப்பூரில் துணிந்து பேசினார். பேச்சு நிலைத்தது, டின் பாலும் நிலைத்தது. தோட்டத்தில் அது மலிவான பால், கெடாத பால், இனிப்பான பால். மரம் வெட்டுபவர் உடலில் அவ்வினிப்பு எரிந்துபோயிற்று. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்து ஆலைகளிலும் வண்டிகளிலும் காவற் கொட்டகைகளிலும் அமர்ந்தனர். நடை நின்றது. தேநீர் நிற்கவில்லை, அதனோடு ரொட்டி சானாயும் சேர்ந்தது.

இனிக் கணக்கைக் காண்போம். உடல் எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 30ஐ எட்டினால் பருமன் என்றும், 25க்கும் 30க்கும் இடைப்பட்டது மிகை எடை என்றும் கொள்வர். மலேசிய சுகாதார அமைச்சின் ஆய்வில் 1996இல் வயது வந்தோரிடையே பருமன் 4.4 விழுக்காடு. 2006இல் 14, 2019இல் 19.7, 2023இல் 21.8. மிகை எடையும் சேர்த்தால் 2023இல் 54.4 விழுக்காடு. அதாவது, பாதிக்கு மேல். இன வாரியாக நோக்கினால் 2019இல் முதலிடம் இந்தியருக்கே: 63.9 விழுக்காடு. அவருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். பிள்ளைகளும் தப்பவில்லை, அவ்வாண்டு 5 முதல் 17 வயதுள்ளோரில் 14.8 விழுக்காட்டினர் பருமனுற்றிருந்தனர்.

இது புலம்பெயர்ந்தோர்க்கு மட்டும் நேர்ந்ததென்று கருதுதல் பிழை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் மிகை எடையும் பருமனும் உற்றவர், 2015-16ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4. அங்கும் ஆலையரிசியும் அமர்ந்த வேலையும் வந்துவிட்டன.

‘சோம்பல், வாயடக்கமின்மை’ என்று பழிப்போர் உளர். யான் அதனை ஒப்பேன். புணே நகரில் ஆராய்ந்த யாஞ்னிக் என்னும் மருத்துவர், அப்பகுதிக் குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறந்தாலும், தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை என்று கண்டார். தலைமுறை தலைமுறையாய்ப் பசியறிந்த உடல் கிடைத்ததைக் கொழுப்பாய்ச் சேமிக்கிறது போலும். ஆசிய மக்களுக்கு 23லேயே எச்சரிக்கை தேவை என உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியதும் இதனோடு ஒத்தது. இத்தகைய உடலுக்குத் தேநீர்க் கடையை வாயிலில் வைத்துவிட்டு நடைபாதையை எடுத்துவிட்டால் பழி யாரைச் சாரும்?

காம்பார் 2009இல் தனி மாவட்டமாயிற்று. 2007 முதல் அங்கே பல்கலைக்கழக வளாகமும் உண்டு. லம்பக் குழிகள் இன்று ஏரிகளாகக் கிடக்கின்றன. அரசு 2013இல் சர்க்கரை மானியத்தை நீக்கிற்று; 2019 சூலை முதல் நாள் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது; 2025இல் அது 90 சென்னாயிற்று. அவ்வரி ஆலையில் அடைத்துவரும் பானங்களுக்குத்தான். கடையில் டின் பால் ஊற்றி ஆற்றித் தரும் தேநீருக்கு அது கிடையாது.