ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் இருந்தாலும் பனியில் டயர் செயின் ஏன் தேவை? எப்படி மாட்டுவது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் பிள்ளைகளையும் கம்பளி உடைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கலிஃபோர்னியாவின் சான் ஹோசே, ஃப்ரீமாண்ட் பக்கமிருந்து லேக் தாஹோவுக்குப் பனி பார்க்கக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் உண்டு. சாக்ரமெண்டோ தாண்டும் வரை வெறும் மழைதான். ஐ-80 நெடுஞ்சாலை சியரா நெவாடா மலையில் ஏறத் தொடங்கியதும் மழை பனியாக மாறும். திடீரென்று ஓரத்தில் ஒரு பலகை மின்னும்: 'செயின் கட்டாயம்'. அங்கிருந்து சோதனைச் சாவடிக்குப் பெரும்பாலும் ஒரு மைல் தூரம்தான் இருக்கும். அதற்குள் ஓரங்கட்டி, இருட்டில், கொட்டும் பனியில், அதுவரை பிரித்தே பார்க்காத செயின் பையைத் திறக்க வேண்டும்.

"நம்ம வண்டி ஃபோர் வீல் டிரைவ் ஆச்சே, செயின் எதுக்கு?" பிக்கப் டிரக் வைத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிதான் வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிடும்.

நகர்வது வேற, நிற்பது வேற

ஃபோர் வீல் டிரைவ் என்பது இன்ஜின் சக்தியை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு. அதனால் பனியில் கிளம்புவதும், மேடு ஏறுவதும் சுலபமாகிறது. ஆனால் பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. நிற்கும் விஷயத்தில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கும் சாதாரண காருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுக்குமே தரையைப் பிடிப்பது அந்த நான்கு டயர்கள் மட்டும்தான்.

இதை ஒரு தோராயக் கணக்கில் பார்க்கலாம். மணிக்கு 40 கி.மீ வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்த கணத்திலிருந்து காய்ந்த தார் ரோட்டில் சுமார் 9 மீட்டரில் நிற்கும். இறுகிப்போன பனியில் அதே வண்டிக்கு 30 மீட்டராவது வேண்டும். கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸில் 60 மீட்டரைத் தாண்டும். டிரைவர் சுதாரிக்க எடுக்கும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

சிக்கல் என்னவென்றால், ஃபோர் வீல் டிரைவ் ஓட்டுபவருக்கு ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்பது ஏறும்போது தெரிவதில்லை. வண்டி ஜம்மென்று ஏறிவிடும். உச்சி தாண்டி இறங்கும்போது, முன்னால் ஒரு வண்டி நின்றிருப்பதைப் பார்த்து பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும். ஐ-80 கடக்கும் டோனர் உச்சி 7,239 அடி உயரம். 1846-ல் மாட்டு வண்டிகளில் மேற்கே போன எண்பதுக்கும் மேற்பட்டோர் இந்தப் பகுதியில்தான் பனியில் சிக்கினார்கள். அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்தக் குழுவின் பெயர்தான் கணவாய்க்கு. இங்கே விழும் பனி ஈரமும் கனமும் அதிகம் உள்ளது. உள்ளூர்க்காரர்கள் இதை 'சியரா சிமெண்ட்' என்றே சொல்கிறார்கள். டயர் ஏறி ஏறி அழுத்தியதும் அது வழவழப்பாக இறுகிவிடும்.

காலி பிக்கப்புக்குக் கூடுதல் ஆபத்து

காரை விட பிக்கப் கனமான வண்டி, ஆகவே பனியில் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கனம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், கேபின் எல்லாம் முன்பக்கம். பின்னால் இருப்பது காலித் தொட்டி. சாதாரணமாக இன்ஜின் சக்தி போவதோ பின்சக்கரத்துக்கு. பாரமே இல்லாத சக்கரத்தைச் சுழலச் சொன்னால் அது பனியில் சும்மா சுற்றும். வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாலும் பின்பக்கம் தனியாக வழுக்கிக்கொண்டு போகும்.

அதனால்தான் குளிர்நாடுகளில் பிக்கப்பின் தொட்டியில் மணல் மூட்டைகளைப் போட்டு ஓட்டுவார்கள். போடுவதானால் பின் அச்சுக்கு நேர் மேலே போட்டு, நகராமல் கட்ட வேண்டும். கட்டாத மூட்டை, சடன் பிரேக்கில் கேபினை வந்து இடிக்கும். சக்கரம் புதைந்தால் அந்த மணலையே டயருக்கு அடியில் தூவிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. ஆனால் மணல் மூட்டை செயினுக்கு மாற்று அல்ல. பாரம் கூடினால் வண்டி நிற்பதும் அவ்வளவு சுலபமில்லை.

ஆர்-1, ஆர்-2, ஆர்-3: சாவடியில் என்ன கேட்பார்கள்?

கலிஃபோர்னியா போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸ், பனியின் அளவைப் பொறுத்து மூன்று நிலைகளை அறிவிக்கிறது. ஆர்-1 என்றால் இன்ஜின் சக்தி போகும் சக்கரங்களில் செயினோ, பனி டயரோ இருக்க வேண்டும். ஃபோர் வீல் டிரைவுக்கு விலக்கு உண்டு. ஆர்-2 என்றால் எல்லா வண்டிக்கும் செயின். நான்கு சக்கரத்திலும் பனி டயர் உள்ள ஃபோர் வீல் டிரைவ் மட்டும் மாட்டாமல் போகலாம். ஆர்-3 வந்தால் யாருக்கும் விலக்கு கிடையாது. நடைமுறையில் ஆர்-3 வரை போவது அபூர்வம், அதற்கு முன்பே பெரும்பாலும் ரோட்டை மூடிவிடுவார்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். விலக்கு என்பது மாட்டுவதற்குத்தான், எடுத்துப் போவதற்கு இல்லை. ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பாக இருந்தாலும் செயின் கட்டுப்பாட்டுப் பகுதியில் வண்டிக்குள் செயின் இருக்கணும். பின்னால் டிரெய்லர் இழுத்துப் போனால் விலக்கும் போய்விடும். செயின் மாட்டியே ஆக வேண்டும். பிரேக் உள்ள டிரெய்லராக இருந்தால் அதன் ஒரு அச்சுக்கும் செயின் வேண்டும். கிளம்பும் முன் கால்டிரான்ஸின் 'குவிக்மேப்' செயலியில் எந்த இடத்தில் எந்த நிலை என்று பார்த்துக்கொள்ளலாம்.

வாடகை பிக்கப் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. செயின் மாட்டக் கூடாது என்று நிபந்தனை போடும் நிறுவனங்கள் உண்டு. மீறி மாட்டி, செயின் அறுந்து வண்டியில் அடித்தால் செலவு உங்கள் தலையில்.

இது அமெரிக்காவின் கதை மட்டுமல்ல. நம் நாட்டில் மணாலிக்குப் போகிறவர்களும் இதைச் சந்திக்கிறார்கள். பனி கொட்டும் நாட்களில் சோலாங், அடல் சுரங்கப்பாதை பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளையும் செயின் மாட்டிய வண்டிகளையும் மட்டும்தான் போலீஸ் மேலே விடுகிறது. சட்டங்கள் வேறு, வழுக்கல் ஒன்றுதான்.

எந்தச் செயின் வாங்குவது?

டயரின் பக்கவாட்டில் 265/70 ஆர் 17 என்பது போல ஒரு எண் இருக்கும். செயின் பெட்டியின் பட்டியலில் அதே எண் இருக்க வேண்டும். 'கிட்டத்தட்ட சரி' என்பது செயினில் சரிவராது. தொளதொளவென்று இருக்கும் செயின் கழன்று, சக்கர வளைவையும் பிரேக் குழாயையும் அடித்துக் கிழிக்கும். பழைய டயரை மாற்றிப் பெரிய டயர் போட்டிருந்தால், கையேட்டில் உள்ள அளவை விட்டுவிட்டு டயரில் இருப்பதைப் பாருங்கள்.

அடுத்தது இடைவெளி. டயருக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே செயின் சுழல இடம் வேண்டும். இடம் குறைவான வண்டிகளுக்கு 'கிளாஸ் எஸ்' என்ற மெல்லிய வகை இருக்கிறது. அதற்கே டயரின் மேற்பரப்பில் சுமார் 37 மி.மீ, பக்கவாட்டில் 15 மி.மீ இடைவெளி தேவை. சில பிக்கப் மாடல்களில் அகல டயர் போட்டால் செயினே போடக் கூடாது என்று கையேடு சொல்லும். அந்த ஒரு பக்கத்தை வாங்கும் முன் படித்துவிடுங்கள்.

ஏணி மாதிரி குறுக்குக் கம்பிகள் உள்ள செயின் விலை குறைவு, உறுதி அதிகம். ஆனால் ஒரு குறுக்குச் சங்கிலிக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் டயர் தரையில் படும். பக்கவாட்டு வழுக்கலை அது அவ்வளவாகத் தடுக்காது. கோலத்தின் கட்டம் போல் பின்னிய செயினில் எப்போதும் ஏதோ ஒரு வளையம் தரையில் இருக்கும், வண்டியும் குறைவாக அதிரும். கேபிள் வகை லேசானது, மாட்டச் சுலபம், கனமான பிக்கப்பின் பாரத்துக்குச் சீக்கிரம் தேயும்.

முன்சக்கரமா, பின்சக்கரமா?

ஒரே ஜோடி இருந்தால் பெரும்பாலான பிக்கப்களுக்குப் பின்சக்கரம். ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்களிலும் பல கையேடுகள் பின்சக்கரத்தில் மட்டும் போடச் சொல்கின்றன. முன்னால் மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், லேசான பின்பக்கம் வளைவில் சுற்றிக்கொண்டு வரும். பின்னால் மட்டும் போட்டாலும் குறை உண்டு. ஸ்டியரிங் திருப்பும் சக்கரமும், பிரேக்கில் அதிக வேலை செய்யும் சக்கரமும் முன்னால்தான் இருக்கின்றன. அதனால் இறக்கத்தில் வண்டி நேராக வழுக்க வாய்ப்புண்டு. கையேடு அனுமதித்தால் நான்கிலும் போடுவதுதான் சிறந்தது.

மாட்டுவது எப்படி?

முதல் தடவை மாட்டுவது வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில் நடக்க வேண்டும். யூடியூப் பார்த்தது போதும் என்று கிளம்பாதீர்கள். விரல் மரத்துப்போகும் குளிரில் கொக்கி எந்தப் பக்கம் என்று யோசிக்க மூளை வேலை செய்யாது. தண்ணீர் புகாத கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, மண்டியிட ஒரு ரப்பர் விரிப்பு, இந்த மூன்றும் செயின் பையிலேயே இருக்கட்டும்.

ரோட்டை விட்டு நன்றாக ஒதுங்கி, சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக், நான்கு இண்டிகேட்டர் விளக்கும் போட்டாச்சா என்று பாருங்கள். வளைவில், இறக்கத்தில் நிறுத்தவே கூடாது. செயின் மாட்டக் குனிந்திருப்பவர் மீது பின்னால் வழுக்கி வரும் வண்டி மோதும் ஆபத்து உண்மையானது. குழந்தைகள் வண்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

செயினைத் தரையில் விரித்து, முறுக்கு இருந்தால் பிரித்துவிடுங்கள். வளைந்த கொக்கி முனைகள் டயரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த முனை ரப்பரைக் குத்திக்கொண்டே வரும். டயர் மேல் போர்வை போல் போர்த்தி, இரண்டு பக்கமும் சமமாக இழுங்கள். வண்டியை ஒரு அடி, இரண்டு அடி மெதுவாக நகர்த்தினால் டயருக்கு அடியில் மாட்டியிருந்த பகுதி வெளியே வரும். முதலில் உள்பக்கக் கொக்கியை மாட்டுங்கள், அது கைக்கு எட்டாத இடம். பிறகு வெளிப்பக்கம். கடைசியில் இறுக்கும் ரப்பர் வளையம். டயரின் காற்றை இறக்கி மாட்டும் வித்தையெல்லாம் வேண்டாம்.

இத்தோடு முடிந்துவிடவில்லை. 100 மீட்டர் போல ஓட்டிவிட்டு, மறுபடி ஒதுங்கி இறக்கிப் பார்த்தால் செயின் தளர்ந்திருக்கும். இன்னொரு தடவை இறுக்குங்கள். இந்த இரண்டாவது நிறுத்தத்தைச் சோம்பலில் தவிர்ப்பவர்களின் செயின்தான் வழியில் அறுந்து கிடக்கிறது.

உங்களால் முடியாவிட்டால், சாவடி அருகே எண் போட்ட அடையாளத்துடன் நிற்கும் உரிமம் பெற்ற ஆட்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு மாட்டித் தருவார்கள். ரசீதும் அவர்களுடைய எண்ணும் கேட்டு வாங்குங்கள். செயின் விற்கவோ வாடகைக்குத் தரவோ அவர்களுக்கு அனுமதி இல்லை, அது உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

ஓட்டும்போது

செயின் கட்டாயப் பகுதியில் வேக வரம்பு மணிக்கு 25 அல்லது 30 மைல், அதாவது 40 முதல் 48 கி.மீ. குரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே வழக்கத்தை விடப் பல மடங்கு இடம் விடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் வாருங்கள். திடீரென்று 'டக் டக்' என்று உலோகம் அடிக்கும் சத்தம் கேட்டால் உடனே ஓரங்கட்ட வேண்டும். செயின் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பனி முடிந்து தார் ரோடு தெரிய ஆரம்பித்தால், பாதுகாப்பான இடம் பார்த்து உடனே கழற்றுங்கள். வெறும் ரோட்டில் செயின் சீக்கிரம் தேயும், டயரும் கெடும், பிடிமானமும் குறையும். நெம்புகோலைத் தள்ளி மாற்றும் பழைய வகை ஃபோர் வீல் டிரைவாக இருந்தால் அதையும் இரண்டு சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். காய்ந்த ரோட்டில் வளைவுகளில் அதன் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் செயினை வெந்நீரில் அலசி, காயவைத்து, அறுந்த வளையம் இருக்கிறதா என்று ஒரு தடவை கையால் தடவிப் பார்த்து எடுத்து வையுங்கள். ரோட்டில் தூவிய உப்பு அதில் ஒட்டியிருக்கும். ஈரத்தோடு பையில் போட்டால் அடுத்த டிசம்பரில் துருப்பிடித்த செயின்தான் வெளியே வரும்.